எதுவரைக்கும்? தேவனுடைய வேளையை நம்புவது என்றால் என்ன

காத்திருக்கிறவர்களிடம் நாம் வழக்கமாகச் சொல்கிற வாக்கியம் ஒன்று உண்டு: “எல்லாம் தேவனுடைய வேளையில் நடக்கும்.” வேலைக்காக அலைகிறவரிடம் சொல்கிறோம். பிள்ளைக்காக ஏங்குகிற தம்பதியிடம் சொல்கிறோம். மாதக்கணக்கில் படுத்த படுக்கையாக இருப்பவரின் வீட்டுக்குப் போய், ஜெபம் பண்ணி, இதையும் சொல்லிவிட்டுக் கிளம்புகிறோம். நாம் போய்க் கதவு சாத்தின பிறகுதான் அந்த வீட்டாருக்குக் கேள்விகள் ஆரம்பிக்கின்றன. அது எந்த வேளை? அதுவரைக்கும் நாங்கள் என்ன செய்வது? ஒருவேளை அது வராமலே போய்விட்டால்?

விசுவாசத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கும், சிறுவயதிலிருந்தே சபையில் வளர்ந்தும் இந்த வாக்கியத்தை ஒருநாளும் நின்று யோசிக்காதவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நானும் பல வருஷம் யோசிக்காதவள்தான். வேதம் இந்த விஷயத்தில் சொல்வது, நாம் ஆறுதலுக்காகச் சொல்வதைவிடக் கடினமாக இருக்கிறது. ஆனால் முழுப் பாரத்தையும் அதன்மேல் இறக்கி வைக்கலாம், தாங்கும்.

முதலில் சொற்களைப் பார்த்துவிடுவோம். புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்கத்தில் காலத்துக்கு இரண்டு சொற்கள் அடிக்கடி வரும். ஒன்று க்ரோனோஸ்: நாள், மாதம், வருஷம் என்று ஓடிக்கொண்டே இருக்கிற காலம். இன்னொன்று கைரோஸ்: ஒரு காரியத்துக்கு ஏற்ற வேளை, பருவம். காய் பழுக்க எத்தனை நாள் ஆகிறது என்பது க்ரோனோஸ். பழுத்துவிட்டது, இனி பறிக்கலாம் என்பது கைரோஸ். “தேவனுடைய வேளை” என்று நாம் பேசும்போது பெரும்பாலும் இந்த இரண்டாவதைத்தான் மனதில் வைக்கிறோம்.

ஆனால் இந்தப் பிரிவினையைக் கோடு போட்டாற்போல் வைத்துக்கொள்ள முடியாது. “காலம் நிறைவேறிற்று” என்று மாற்கு 1:15ல் இயேசு சொல்லும்போது அங்கே இருப்பது கைரோஸ். “காலம் நிறைவேறினபோது, தேவன் தம்முடைய குமாரனை அனுப்பினார்” என்று கலாத்தியர் 4:4ல் பவுல் சொல்லும்போது அங்கே இருப்பது க்ரோனோஸ். அதாவது, வெறுமனே ஓடுகிறது என்று நாம் நினைக்கிற நாட்களும் நிறைந்துகொண்டே வருகின்றன. எனக்கு இது பெரிய விஷயமாகப் பட்டது. ஒன்றுமே நடக்காத ஒரு செவ்வாய்க்கிழமையும் அவருடைய கணக்கில் இருக்கிறது.

அப்புறம், காத்திருத்தல் என்ற சொல். “கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்களோ புதுப்பெலன் அடைந்து” என்ற ஏசாயா 40:31 பலருக்கு மனப்பாடம். அங்கே வருகிற எபிரெய வினைச்சொல் காவா. அதோடு தொடர்புடைய பெயர்ச்சொல் திக்வா. நம்பிக்கை, எதிர்பார்ப்பு என்று அதற்குப் பொருள். இதே திக்வா என்ற சொல் யோசுவா 2ம் அதிகாரத்தில் வேறொரு பொருளில் வருகிறது. எரிகோ பட்டணத்தில் ராகாப் என்ற பெண் தன் ஜன்னலில் கட்டின சிவப்புக் கயிறு இருக்கிறதே, அந்தக் கயிற்றுக்கும் அங்கே திக்வா என்றுதான் பெயர்.

ராகாபின் ஜன்னலருகே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அவளுடைய வீடு அலங்கத்தின்மேல், அதாவது பட்டணத்து மதிலின்மேல், இருந்தது. ஊரைப் பிடிக்க வரப்போகிற இஸ்ரவேலர் அனுப்பினவர்களும் அவள் ஒளித்து வைத்துக் காப்பாற்றினவர்களுமான இரண்டு வேவுகாரரையும் கயிற்றினால் இறக்கிவிட்டாள். “இந்தச் சிவப்புக் கயிற்றை ஜன்னலில் கட்டி வை, உன் வீட்டாரையெல்லாம் உள்ளே சேர்த்துக்கொள்” என்று சொல்லிவிட்டு அவர்கள் போய்விட்டார்கள். என்றைக்கு வருவோம் என்று சொல்லவில்லை. அவள் கயிற்றைக் கட்டிவிட்டாள். நாட்கள் போயின. யோர்தானைக் கடந்து இஸ்ரவேலர் வந்தார்கள். வந்தவர்கள் மதிலைத் தாக்காமல் ஊரை ஒரு தரம் சுற்றிவிட்டுப் பாளயத்துக்குத் திரும்பிப் போனார்கள். மறுநாளும் அப்படியே. எக்காளச் சத்தம் மட்டும். ஜனங்கள் வாயைத் திறக்கக்கூடாது என்பது யோசுவாவின் கட்டளை. ஆறு நாள் இப்படி வந்து வந்து போனார்கள். அந்த ஜன்னலில் நின்று பார்த்தவளுக்கு எப்படி இருந்திருக்கும்! வீட்டுக்குள்ளே அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள் எல்லோரும் அவள் பேச்சை நம்பி உட்கார்ந்திருக்கிறார்கள். வெளியே தன்னைக் காப்பாற்ற வேண்டியவர்கள் பேசாமல் கடந்து போகிறார்கள். அவள் கையில் இருந்தது ஒரு கயிறும், அதைக் கட்டச் சொன்னவர்களின் வாக்கும். ஏழாம் நாள் என்ன நடக்கும் என்று ஆறாம் நாள் சாயங்காலம் அவளுக்குத் தெரியாது.

தேவனுடைய வேளையை நம்புவது என்றால் இதுதான் என்று நினைக்கிறேன். தேதி தெரியாது. தேதியை வைத்திருக்கிறவரைத் தெரியும். நாம் பிடித்துக்கொள்வது அவரை.

சரி, இங்கே பலரும் தடுக்கி விழுகிற ஒரு இடம் இருக்கிறது. நம்புவது என்றால் சீக்கிரம் நடக்கும் என்று நம்புவது என்று எடுத்துக்கொள்கிறோம். இதற்கு எரேமியா புத்தகத்தைத்தான் வாசிக்க வேண்டும். 29ம் அதிகாரம் 11ம் வசனத்தை வாக்குத்தத்தமாகப் பெறாத விசுவாசி அபூர்வம்: “உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்… அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.” அதற்கு முந்தின வசனத்தை, 10ம் வசனத்தை, யாரும் சட்டம் போட்டு மாட்டுவதில்லை. பாபிலோனில் 70 வருஷம் நிறைவேறின பின்புதான் உங்களைத் திரும்பி வரப்பண்ணுவேன் என்பது அந்த வசனம்.

கி.மு. 597ல் ராஜாவும் பிரபுக்களும் கைவினைஞர்களும் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களுக்கு எரேமியா எழுதின கடிதம் அது. ஆனால் அதற்கு முந்தின அதிகாரத்திலே அனனியா என்ற ஒருவன் வருகிறான். அவனும் தீர்க்கதரிசிதான். எல்லா ஜனங்களுக்கும் முன்பாக ஆலயத்தில் நின்று, இரண்டே வருஷத்தில் எல்லோரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்கிறான். அதுவும் கர்த்தர் சொல்லுகிறார் என்று சொல்கிறான். அடையாளமாக, பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்று காட்ட எரேமியா கழுத்தில் போட்டிருந்த நுகத்தைக் கழற்றி எல்லோரும் பார்க்க உடைக்கிறான். கேட்டவர்களுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கும்! எரேமியாவே “ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக” என்றுதான் முதலில் சொல்கிறார். ஆனால் அது பொய். அனனியா அந்த வருஷமே செத்துப்போனான். அவன் பேச்சை நம்பி மூட்டை கட்டி வைத்தவர்களின் நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

நம்மிடமும் அனனியாக்கள் வருவார்கள். இந்த மாதம் முடிவதற்குள், இந்த வருஷம் முடிவதற்குள் என்று தேதி குறித்துக் கொடுப்பார்கள். பலர் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். அந்தத் தேதி கடந்து போகும்போது உடைவது தேதி மட்டும் இல்லை. தேவன் என்னை ஏமாற்றிவிட்டார் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அவர் அந்தத் தேதியைச் சொல்லவே இல்லை என்பது அப்போது ஞாபகத்துக்கு வருவதில்லை. யாராவது உங்கள் கண்ணீருக்குத் தேதி போட்டுக் கொடுத்தால், அதை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

எரேமியாவின் கடிதத்தில் நான் மிகவும் நேசிக்கிற பகுதி 5ம் வசனம். வீடுகளைக் கட்டுங்கள், குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள் என்கிறார். கலியாணம் பண்ணுங்கள், பிள்ளைகளைப் பெறுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்கிறார். 70 வருஷம் என்றால் கேட்டவர்களில் பெரும்பாலோர் அங்கேயே கண்ணை மூடப்போகிறவர்கள். அவர்களிடம் தோட்டம் போடச் சொல்கிறார்! காத்திருக்கிற இடத்தை நாம் வாழ்க்கைக்கு வெளியே இருக்கிற ஏதோ ஒரு வராந்தா என்று நினைத்துக்கொள்கிறோம். இது முடியட்டும், அப்புறம் வாழ ஆரம்பிக்கலாம் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிப்போடுகிறோம். அந்த வராந்தாவிலேயே செடி நடச் சொல்கிறது இந்தக் கடிதம்.

ஆகவே காத்திருப்பது கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வைத்தியரிடம் போங்கள், மருந்து சாப்பிடுங்கள், வேலைக்கு விண்ணப்பம் போடுங்கள், மனம் தாங்காதபோது அதற்கும் உதவி தேடுங்கள். முக்கியமாக இன்னொன்று. வீட்டுக்குள்ளே அடியும் உதையும் வாங்கிக்கொண்டிருக்கிற ஒருவரிடம் “தேவனுடைய வேளைக்குக் காத்திரு” என்று சொல்வது பெரிய பாவம். தாவீது சிங்காசனத்துக்காக வருஷக்கணக்கில் காத்திருந்தவன்தான். தன்னைக் கொல்லத் தேடின சவுல் ராஜா குகையில் கைக்கு எட்டினபோதுகூட அவனைத் தொடவில்லை. ஆனால் சவுல் ஈட்டியை எறிந்தபோது தாவீது விலகிக்கொண்டான். ஈட்டி சுவரில் பட்டது, அந்த ராத்திரியே தப்பி ஓடினான். காத்திருந்தவனும் அவன்தான், ஓடினவனும் அவன்தான்.

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆபிரகாம் வீட்டுக் கதை போதும். அழைப்பு வந்து ஆரானை விட்டுப் புறப்பட்டபோது அவனுக்கு 75 வயது. கானானில் 10 வருஷம் போனது, தேவன் வாக்குப்பண்ணின பிள்ளை இல்லை. மனைவி சாராய் தன் அடிமைப்பெண் ஆகாரை அவனுக்குக் கொடுத்தாள். இஸ்மவேல் பிறந்தபோது ஆபிரகாமுக்கு 86. வாக்குப்படி சாராளுக்கு ஈசாக்கு பிறந்தபோது 100. இருவருடைய பொறுமையின்மைக்கு விலை கொடுத்தவள் யார் என்று பார்த்தால், கேட்கப்படாமலே இதில் இழுக்கப்பட்ட ஆகார்தான். வனாந்தரத்தில் அவளைத் தேடி வந்து பேசினவரும் அதே தேவன் என்பதை விட்டுவிடக் கூடாது.

யோசேப்பைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. 17 வயதில் சொப்பனம், சகோதரர் தள்ளின குழி, எகிப்துக்கு விற்பனை. 30 வயதில் பார்வோனுக்கு முன்னால். இடையில் 13 வருஷம். சிறைச்சாலையில் பானபாத்திரக்காரனிடம் “என்னை நினைத்துக்கொள்” என்று கெஞ்சிக் கேட்டான். அவன் வெளியே போய் மறந்துவிட்டான். இரண்டு வருஷம் முழுசாகப் போனது. கடைசியில் அழைப்பு வந்த விதத்தைப் பாருங்கள்: தீவிரமாய் அவனைக் காவல்கிடங்கிலிருந்து கொண்டுவந்தார்கள், அவன் சவரம் பண்ணிக்கொண்டு வேறு உடுப்பு உடுத்திக்கொண்டு போனான் என்று ஆதியாகமம் 41:14 சொல்கிறது. அவ்வளவுதான். 13 வருஷம் கழித்து வந்த விடுதலைக்கு ஆயத்தப்பட அவனுக்குக் கிடைத்தது சவரம் பண்ணுகிற நேரம். காலையில் கண் விழித்தபோது, இன்றைக்குத்தான் அந்த நாள் என்று சொல்ல அங்கே ஒரு அறிகுறியும் இருந்திருக்காது.

இந்தக் கதையைப் பிரசங்கங்களில் கேட்கும்போது ஒன்று எனக்கு உறுத்தும். முடிவு நன்றாக இருந்ததால் நடுவில் நடந்ததெல்லாம் நல்லது என்பதுபோலப் பேசிவிடுகிறோம். யோசேப்பு அப்படிப் பேசவில்லை. அதிகாரம், வீடு, மனைவி எல்லாம் கிடைத்த பிறகு இரண்டாவது மகன் பிறக்கிறான். எப்பிராயீம் என்று பேரிடுகிறான். அப்போதும் எகிப்தை “நான் சிறுமைப்பட்டிருந்த தேசம்” என்றே சொல்கிறான். பலுகினது அங்கேதான், ஆனாலும் சிறுமைக்குச் சிறுமை என்றே பெயர். தேவன் அனுப்பினார் என்று அவன் தன் சகோதரரிடம் சொல்ல முடிந்தது விற்கப்பட்டு 20 வருஷத்துக்கு மேல் ஆன பிறகு. குழிக்குள் இருந்தபோது அவன் கெஞ்சி அழுதான். அதைச் சகோதரரே பின்னால் நினைவுகூருகிறார்கள். குழிக்குள் இருக்கிறவரிடம் போய், 20 வருஷம் கழித்துச் சொல்ல வேண்டிய வாக்கியத்தை இன்றைக்கே சொல்லச் சொல்லிக் கேட்காதீர்கள்.

அழுவது அவிசுவாசம் என்று யாரோ நமக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். சங்கீதம் 13 ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்துக்குள் “எதுவரைக்கும்” என்ற சொல் நான்கு தரம் வருகிறது. கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்று நேருக்கு நேராகவே கேட்கிறான் தாவீது. சங்கீதம் 88 அதைவிட ஒருபடி மேலே. இருளிலேயே ஆரம்பித்து இருளிலேயே முடிகிறது, கடைசியில் ஒரு ஸ்தோத்திரம்கூட இல்லை. அதையும் ஜெபப் புத்தகத்துக்குள் வைத்தவர் தேவன். நம்பாதவன் இப்படிக் கேட்கமாட்டான். அவன் பேச்சை நிறுத்திவிட்டுப் போய்விடுவான்.

யோவான் 11ம் அதிகாரத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். லாசரு வியாதியாயிருக்கிறான் என்று சகோதரிகள் ஆள் அனுப்புகிறார்கள். இயேசு கேள்விப்பட்டும் இருந்த இடத்திலேயே இன்னும் இரண்டு நாள் தங்குகிறார். அவர் வந்து சேரும்போது லாசரு கல்லறையில் வைக்கப்பட்டு நாலு நாள். மார்த்தாள் வழியிலேயே எதிர்கொண்டு வந்து கேட்கிறாள்: “ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்.” பின்னால் வந்த மரியாளும் அதையே சொல்கிறாள். அந்த நாலு நாளும் இருவரும் வீட்டில் உட்கார்ந்து இதைத்தானே திரும்பத் திரும்பப் பேசியிருப்பார்கள். இயேசு அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் லாசரு உயிரோடு வெளியே வரப்போகிறான் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் “இயேசு கண்ணீர் விட்டார்.” தாமதித்தவரும் அவரே, அழுதவரும் அவரே. ஏன் தாமதித்தார் என்பதற்கு அந்த அதிகாரம் சொல்லும் பதில் தேவனுடைய மகிமை என்பது. அதை நான் நம்புகிறேன். ஆனால் ராத்திரி தூக்கம் வராமல் கிடக்கும்போது என்னைத் தாங்குவது அந்தப் பதிலைவிட அவருடைய கண்ணீர்தான்.

இனி என் கதையில் கொஞ்சம். பக்கவாதத்தில் விழுந்த என் அம்மாவுக்காக நான் ஏழு வருஷம் ஜெபித்தேன். ஒரு ஜெப நோட்டு வைத்திருந்தேன். இடது பக்கம் வேண்டுதலும் தேதியும், வலது பக்கம் பதில். இடது பக்கத்தில் “அம்மா நடக்க வேண்டும்” என்று அத்தனை பக்கங்களிலும் இருக்கும். ஆரம்பத்தில் முழு வாக்கியமாக எழுதினேன். அப்புறம் “அம்மா” என்று மட்டும். கடைசியில் அதையும் விட்டு மேலே உள்ளதே என்பதற்குச் சின்னதாக இரண்டு கோடு. வலது பக்கம் காலி. தினமும் ராத்திரி அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபிப்பேன். அம்மாவுக்கு வாய் கோணியிருந்தது, பேச்சு தெளிவாக வராது. நான் பாதி ஜெபத்தில் இருக்கும்போதே “ஆமென்” என்பார்கள். நான் தொடர்ந்தால் திரும்பவும் “ஆமென்.” போதும், அவருக்குக் கேட்டுவிட்டது என்பதுபோல. அம்மா எழுந்து நடக்கவில்லை. அந்த “ஆமென்”னோடுதான் போய்ச் சேர்ந்தார்கள்.

எபிரெயர் 11ம் அதிகாரத்தில் விசுவாச வீரர்களின் பட்டியல் நடுவே 13ம் வசனம் இருக்கிறது: இவர்களெல்லாரும் வாக்குத்தத்தம் பண்ணப்பட்டவைகளை அடையாமல், தூரத்திலே அவைகளைக் கண்டு, விசுவாசத்தோடே மரித்தார்கள். அடையாமல். இந்தச் சொல்லை மறைத்துவிட்டுத் தேவனுடைய வேளையைப் பற்றிப் போதித்தால், என் அம்மாவைப் போன்றவர்கள் தோற்றுப்போனவர்கள் ஆகிவிடுவார்கள். கேட்டது இந்த ஜீவியத்திலேயே கையில் வந்துதான் ஆக வேண்டும் என்று வேதம் எங்கும் எழுதிக் கொடுக்கவில்லை. “என் காலங்கள் உமது கரத்திலிருக்கிறது” என்பது சங்கீதம் 31:15. கல்லறைக்கு அப்பால் இருக்கிற காலமும் அந்தக் கரத்தில்தான்.

காத்திருக்கிற ஒருவரைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். யோபு எல்லாவற்றையும் இழந்தபோது அவன் சிநேகிதர் மூவரும் வந்து அவனோடு ஏழு நாள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதுவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

நீங்களே காத்திருக்கிறவரானால், இன்று ராத்திரி சங்கீதம் 13ஐ எடுத்துச் சத்தமாக வாசித்துப் பாருங்கள். 5ம் வசனத்தில் “நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்” என்று வரும். அதைச் சொல்ல இன்றைக்கு வாய் வரவில்லையென்றால் இரண்டாம் வசனத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மூன்றாம் வசனத்தை நாளைக்கு வாசிக்கலாம்.